பதியுதீன் நானாவின் கடவுச்சொல்

கண்ணாடிக்கும் இத்தாவுக்கும் என்ன பகை என்று மாம்புரியில் யாரைக் கேட்டாலும் ஒழுங்கான பதில் கிடைக்காது. எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்டால் பள்ளிவாசல் மௌலவியே சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனாலும் ஒரு வீட்டில் புருஷன் மௌத்தாகி, மனைவி நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் துக்கம் காக்கும் இத்தாவில் இருக்கத் தொடங்கினால், யாராவது ஒரு பெண் எழும்பிப் போய் அந்த அறைக் கண்ணாடியைத் துணியால் மூடாமல் விடமாட்டாள். நபீலாவின் வீட்டில் அந்த வேலையை மர்ளியா செய்தாள். மர்ளியா வேறு யாருமில்லை, நபீலாவின் கொழுந்தன் நிஸாரின் மனைவி. வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம். அலுமாரிக் கண்ணாடியை மூடியதோடு அவள் விட்டிருந்தால் ஒரு கரைச்சலும் வந்திருக்காது.

அந்த அறையின் மூலையில் மேசைமேல் ஒரு கம்பியூட்டர் இருந்தது. நபீலாவின் புருஷன் பதியுதீன் வைத்துவிட்டுப் போனது. பதியுதீன் என்ற மனுசனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. மீன்பிடிச் சங்கத்தின் வயர்லெஸ்ஸைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டார்கள்; அவர் அதோடு நிற்கவில்லை. ஊர் வள்ளங்களில் எல்லாம் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பெட்டியைப் பூட்டினார். தன் வீட்டுக் கூரையில் இரும்புக் குழாயை நட்டு அதன் உச்சியில் அன்டனாவை ஏற்றினார். எந்த வள்ளம் கடலில் எங்கே நிற்கிறது என்று அந்தக் கம்பியூட்டர் புள்ளி புள்ளியாகக் காட்டத் தொடங்கிவிட்டது. அதற்கு லினக்ஸ்தான் வேண்டும், இரவு பகல் நிற்காமல் ஓட வேறெதற்கும் தெம்பில்லை என்று பிடிவாதம் பிடித்தார். கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. நபீலா ஒருமுறை கேட்டபோது, "பொறகு சொல்றன்" என்றார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போகச் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தார். எழும்பவில்லை.

அவர் போன பிறகும் அந்தக் கம்பியூட்டர் நிற்கவில்லை. அவர் கடைசியாகத் திறந்துவிட்டபடியே கிடந்தது. நீலக் கடலில் பச்சைப் புள்ளிகள் போவதும் வருவதுமாக இருந்தன. மௌத்து வீட்டைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்று சங்கத்து ஆட்கள் எட்டியும் பார்க்கவில்லை. நபீலா மட்டும் தொழுகைப் பாயில் இருந்தபடி அதைப் பார்ப்பாள். மனுசன் பக்கத்தில் இருப்பது போல ஒரு எண்ணம்.

அதுவும் சனத்துக்குப் பொறுக்கவில்லை. தலைவிலையில் இருந்து வந்த ஒரு சொந்தக்காரி, "இத்தா இருக்கிற அறையில என்ன இது படம் ஓடுது?" என்று மூக்கில் விரலை வைத்தாள். மர்ளியாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. குடும்பத்துக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று நேரே போய்ச் சுவரில் இருந்த பிளக்கை இழுத்துவிட்டாள். திரை கறுத்தது. கறுத்த திரையில் நபீலாவின் முகம் அப்படியே தெரிந்தது. "அல்லாஹ்வே, இது கண்ணாடியை விட மோசம்!" என்று சொல்லி அதையும் ஒரு துண்டால் மூடினாள். தடுக்கும் தெம்பு நபீலாவிடம் அப்போது இல்லை.

அது நடந்தது கச்சான் என்ற தென்மேற்குக் காற்று முறுகி அடிக்கும் காலம். அடுத்த நாள் பின்னேரம் நிஸார் தன் வள்ளத்தில் ரிஃபாஸ் என்ற பொடியனையும் இன்னொருவரையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனான். விடியற்காலைச் சுபஹுக்கெல்லாம் மற்ற வள்ளங்கள் கரைக்கு வந்துவிட்டன. நிஸாரின் வள்ளம் வரவில்லை.

வெயில் ஏறும்போது சங்கத் தலைவர் இன்னாசிப்பிள்ளை விறாந்தையில் வந்து நின்றார். கட்டுமஸ்தான மனுசன், கடலில் நரைத்தவர். இத்தா இருப்பவளை வேற்று ஆண் பார்க்கக் கூடாது என்று அறை வாசலில் சீலை தொங்கியது. சீலைக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னார்.

"தங்கச்சி, இந்த நேரத்தில வந்து நிக்கிறதுக்கு மன்னிக்கோணும். நிஸார்ட போன் வேலை செய்யுதில்ல. வலை போட்ட இடத்தில பாத்தாச்சு, கற்பிட்டிப் பக்கமும் பாத்தாச்சு. நேவி போட் தயாரா நிக்குது. எந்தப் பக்கம் போறது என்டு கேக்கிறாங்க. கடல் என்ன வீட்டு முத்தமா, சுத்திப் பாத்திட்டு வர? நிஸார்ட வள்ளத்தில பதியுதீன்ட பெட்டி இருக்கு. அந்த மெசின் மட்டும்தான் சொல்லும்."

மர்ளியா ஓடிப்போய்த் துண்டை உருவி எறிந்து பிளக்கைச் செருகினாள். விசிறி சுற்றியது. வெளிச்சம் வந்தது. கடல் வரவில்லை. சாம்பல் திரையில் பதியுதீனின் பெயரும், அதன் கீழே ஒரு வெறும் கட்டமும் வந்து நின்றன. உள்ளே போக வேண்டுமானால் அந்தக் கட்டத்தில் கடவுச்சொல்லை அடிக்க வேண்டும்.

மர்ளியா அடித்துப் பார்த்தாள். வள்ளத்தின் பெயர், வாப்பாவின் பெயர், கலியாணம் நடந்த ஆண்டு, எல்லாம் அடித்தாள். பிழை, பிழை என்றது. கடைசியாக, "உங்கட பேரா இருக்குமோ ராத்தா?" என்று கேட்டு அதையும் அடித்தாள். நபீலா தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் பிழை. அந்த நேரத்திலும் தனக்குச் சுருக்கென்று ஒன்று தைத்ததை நினைத்து நபீலாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்ன பெண் நீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நான்தான் கொன்டுட்டன்," என்று மர்ளியா நிலத்தில் உட்கார்ந்தாள். "என்ட கையாலதான் இழுத்தன். என்ட புருஷன நானே..."

"எழும்பு," என்றாள் நபீலா. "றிம்ஸானுக்குப் போனில கோல் எடு."

றிம்ஸான் புத்தளம் ரவுணில் கம்பியூட்டர் கடை வைத்திருப்பவன். பதியுதீனோடு சேர்ந்து அந்த அன்டனாவை ஏற்றியவன். அன்றைக்கு என்று பார்த்துக் குருநாகலில் ஒரு வேலையில் நின்றான். விசயத்தைக் கேட்டதும், "நான் வந்து சேர நேரம் போயிடும் ராத்தா. நீங்களே செய்ங்க. நான் சொல்லித் தாறன்," என்றான். "கடவுச்சொல் எனக்கும் தெரியாது. புதுசுதான் போட வேணும்."

"பழையது தெரியாம எப்படித் தம்பி புதுசு போடுறது? கள்ளனும் அப்படிப் போடுவானே."

"மெசினுக்குப் பக்கத்தில இருந்தா போடலாம். அது தூங்கி எழும்புற நேரம் ஒரு கொஞ்ச நேரத்துக்கு அதுக்குக் காவல் இல்ல. அந்த இடத்தில பிடிக்கணும். ஆரு கதிரையில இருக்கிறது?"

யாரும் இல்லை. மர்ளியா போனைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அந்தக் கதிரையில்தான் பதியுதீன் உட்கார்ந்தபடியே போனார். அதன் பிறகு அதில் யாரும் உட்காரவில்லை. நபீலா பிஸ்மி சொல்லி அதில் உட்கார்ந்தாள். மர்ளியா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். வாசல் சீலைக்கு வெளியே இன்னாசிப்பிள்ளை காதைக் கொடுத்தபடி நின்றார்.

"பவர் பட்டனை அழுத்திப் பிடிங்க. நிக்கும். திரும்பப் போடுங்க. மெசின் கம்பெனிட படம் வந்து மறையிற அந்த நேரத்தில எஸ்கேப்பைத் தட்டுங்க. பிந்தினா விட்டுடும்."

அவள் தட்டினாள். பிந்திவிட்டது. மறுபடியும் அதே சாம்பல் திரை, அதே வெறும் கட்டம். நபீலாவுக்கு அழுகை முட்டியது. அங்கே கடலில் மூன்று உயிர்கள், இங்கே தன் ஒரு விரலுக்கு ஓட்டம் போதவில்லை. "பெரிய கைகாரி மாதிரிக் கதிரையில ஏறி இருந்திட்டன் பாரு," என்று முணுமுணுத்தாள்.

"பரவாயில்ல ராத்தா. முதல் தரம் எனக்கும் பிந்தினதுதான். நிப்பாட்டுங்க. திரும்ப."

மறுபடி நிறுத்தினாள். மறுபடி போட்டாள். இந்த முறை படம் மறைய முந்தியே தட்டத் தொடங்கிவிட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு, கோழியை விரட்டுகிற மாதிரி. திரையில் இரண்டே இரண்டு வரி வந்து நின்றது. அது அவளைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது.

"வந்திட்டுது! ரெண்டு வரி!" என்று மர்ளியா கத்தினாள்.

போனில் றிம்ஸான் நீளமாக மூச்சு விட்டான். "அல்ஹம்துலில்லாஹ். எனக்கு ஒரு பயம் இருந்திச்சு ராத்தா. வேணும் என்டா இந்த இடத்துக்கும் ஒரு பூட்டுப் போடலாம். போட்டிருந்தா இப்ப கை விரிச்சிருப்பன். பதியுதீன் நானாக்கு அது நல்லாத் தெரியும். நான்கூட ஒரு நாள் போடுவமா என்டு கேட்டன். வேணாம் என்டுட்டார்."

"ஏனாம்?"

"ஆபத்துக்கு ஆராச்சும் துறக்க வேண்டி வரும், வாசலுக்கு வாறவனுக்குப் பூட்டு போதும், வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு என்னத்துக்குப் பூட்டு என்டார்."

நபீலாவின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. இத்தனை வருசமாக அந்த மூலையை அவள் பூட்டிய அறை என்றே நினைத்திருந்தாள். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு விலகிப் போகிற இடம் என்று நினைத்திருந்தாள். வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கென்று மனுசன் ஒரு கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ராத்தா, இருக்கிறீங்களா? ஈ எழுத்தை அழுத்துங்க."

அழுத்தினாள். திரை நிறைய எழுத்து கொட்டியது. றிம்ஸான் சொல்லச் சொல்ல, அம்புக்குறியால் ஒவ்வொரு வரியாக இறங்கி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியைப் பிடித்து, அதன் வால் வரைக்கும் போனாள். அங்கே இருந்த சில சொற்களை அழித்தாள். பார்க்க மட்டும் அனுமதி என்பதை எழுதவும் அனுமதி என்று மாற்றினாள். பிறகு அவன் ஒரு புதுச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னான்.

"இப்ப ஒரு சரிஞ்ச கோடு."

"எந்தப் பக்கம் சரிஞ்சது?"

"காத்துக்குச் சாயிற தென்னை மாதிரி, வலப்பக்கம்."

"உங்கட காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது என்டு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மர்ளியா சீறினாள். அந்தப் பதற்றத்திலும் வெளியே இன்னாசிப்பிள்ளை சிரித்துவிட்டார். கேள்விக்குறி இருக்கிற விசையிலேயே இருக்கிறது என்று றிம்ஸான் சொன்ன பிறகு கோடு கிடைத்தது.

"சரி. இப்ப நீங்க அதுக்கு என்ன சொல்லியிருக்கிறீங்க என்டா, எழும்பு, ஆனா ஒருத்தரையும் எழுப்பாத, முதல்ல என்னோட கதை என்டு சொல்லியிருக்கிறீங்க. கொன்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அழுத்துங்க."

அழுத்தியதும் திரை ஒருகணம் செத்தது. பிறகு கறுப்பில் வெள்ளை எழுத்துகள் கிளம்பின. வரிக்குமேல் வரி, கண்ணால் பிடிக்க முடியாத வேகம். கம்பியூட்டர் தன் கை கால்களைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு எழும்புகிறது என்று றிம்ஸான் சொன்னான். எத்தனையோ காலம் இதே அறையில் இருந்தும் நபீலா அதன் உள்ளே பார்த்ததே இல்லை. "சுப்ஹானல்லாஹ்," என்று அவள் வாய் தானாகச் சொன்னது. திடீரென்று எல்லாம் நின்றது. கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லும், வேலிப் படல் மாதிரி ஒரு குறியும், பக்கத்தில் மினுங்கும் ஒரு கோடும் மட்டும்.

"அடைப்புக்குறிக்குள்ள ஒரு சொல் தெரியுதா? அதுக்கு, பேர் இல்ல என்டு அர்த்தம்," என்றான் றிம்ஸான். அவன் குரலும் தாழ்ந்துவிட்டது. "மெசின் இன்னும் தன்ட பேரைக்கூட ஞாபகப்படுத்தல்ல ராத்தா. அதுக்குள்ள நீங்க பிடிச்சிட்டீங்க. இப்ப நீங்கதான் அதுக்குச் சொந்தக்காரி. என்ன சொன்னாலும் செய்யும். எல்லாத்தையும் அழி என்டா அழிச்சிடும், ஏன் என்டு ஒரு வார்த்தை கேக்காது. கவனமா அடிங்க."

நபீலா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். தேங்காய் துருவி, வெங்காயம் உரித்துக் காய்த்துப்போன கைகள். பூட்டிய ஒன்று முழுசாக அந்தக் கைகளுக்குள் வந்து நிற்கிறது. அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிசயமாக இருந்தது.

றிம்ஸான் கடவுச்சொல்லை மாற்றும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னான். அதன் பின்னால் பதியுதீனின் பெயரையும் அடிக்கச் சொன்னான். அடித்தாள். என்டர் விசையில் விரலை வைத்தவள் தட்டாமல் நின்றாள்.

"தம்பி, ஒன்டு கேக்கிறன். இதைத் தட்டினா அவர் போட்டது என்ன ஆகும்?"

"அழிஞ்சிடும் ராத்தா."

"அதுக்கு முந்தி ஒருக்கா அதைப் பாக்க ஏலாதா? நான்தான் சொந்தக்காரி என்டியே."

"ஏலாது ராத்தா. நானா போட்ட சொல்லு அந்த மெசினுக்கே தெரியாது. அதை அரைச்சுப் பிழிஞ்சு எடுத்த அடையாளம் ஒன்டைத்தான் வச்சிருக்கு. நாம சொல்ற சொல்லையும் அதே மாதிரி அரைச்சுப் பாத்து, அடையாளம் ஒத்து வந்தா விடும். அவ்வளவுதான். கருவாட்டைத் திருப்பி உயிர் மீனாக்க ஏலுமா? அப்படித்தான். அந்தச் சொல்லு நானாட நெஞ்சில மட்டும்தான் இருந்திச்சு."

நபீலாவின் கண் நிறைந்து வழிந்தது. அப்படியானால் அது அவரோடு கபுருக்குப் போய்விட்டது. ஒவ்வொரு நாளும் அவர் விரலால் தட்டிய ஒரு சொல். எந்தச் சொல்லோ, யாருடைய பெயரோ. அதன் கடைசித் தடம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, அதையும் தன் கையால் அழிக்க வேண்டும். மௌத்து நடந்த அன்றுகூட இப்படி ஒரு தனிமை அவளைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் மர்ளியா அவள் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

நபீலா தட்டினாள்.

புதுச் சொல் கேட்டது. அவள் அடித்தாள். திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. "தம்பி, கீபோர்ட் செத்துப்போச்சு!"

"இல்ல இல்ல, அது காட்டாது. தோளுக்கு மேலால ஆரும் எண்ணிப் பாக்கக் கூடாது என்டு புள்ளிகூடப் போடாது. அது கேட்டுக்கொண்டுதான் இருக்கு. நம்பி அடிங்க."

கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், கேட்கிறது என்ற நம்பிக்கையில் மட்டும் அவள் அடித்தாள். துஆக் கேட்கிற மாதிரியே இருந்தது. இரண்டாம் தரமும் அதையே அடிக்கச் சொன்னது. அடித்தாள். மாற்றியாகிவிட்டது என்று ஒரு வரி வந்தது.

"என்ன ராத்தா போட்டீங்க?" என்று மர்ளியா கிசுகிசுத்தாள்.

"உன்ட புருஷன்ட பேரத்தான். இன்டைக்கு எனக்கு வேற ஒன்டும் ஞாபகம் வரல்ல."

மர்ளியா அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

மறுபடி எழும்ப விட்டார்கள். சாம்பல் திரை வந்தது, கட்டம் வந்தது. நபீலா ஒரு விரலால் நிஸாரின் பெயரைத் தட்டினாள். பிழை என்று சொல்லவில்லை. கடல் திறந்தது. முதலில் நீலம் மட்டும், பிறகு கரை, பிறகு ஒவ்வொன்றாகப் புள்ளிகள். இத்தனை நேரமும் அந்தப் பூட்டிய திரைக்குப் பின்னால் அது தன்பாட்டில் வள்ளங்களைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எழும்பி நின்ற நேரமெல்லாம் கேட்டதைக் குறித்தும் வைத்திருக்கிறது. கரையோரம் கூட்டமாகப் புள்ளிகள், திரும்பி வந்த வள்ளங்கள். தேடிப்போனவர்கள் கற்பிட்டிக்குக் கிட்ட. நிஸாரின் புள்ளி அங்கே எங்கேயும் இல்லை.

"இல்லியே, ராத்தா, இல்லியே..."

நபீலா படத்தை மேலே தள்ளினாள். இன்னும் மேலே. பத்தலங்குண்டுத் தீவையும் தாண்டி, மன்னார்ப் பக்கத்து வெறும் நீலத்தில், படத்தின் ஓரத்தில் ஒற்றைப் புள்ளி ஒன்று நின்றது. பக்கத்தில் நிஸாரின் வள்ளத்து இலக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நூல் அளவு நகர்ந்தது.

"அண்ணன்!" என்று நபீலா கூப்பிட்ட கூப்பாட்டில் விறாந்தையே அதிர்ந்தது. புள்ளி நின்ற இடத்தின் இலக்கங்களை அவள் வாசிக்க வாசிக்க, இன்னாசிப்பிள்ளை தன் போனில் நேவிக்காரர்களிடம் சிங்களத்தில் அப்படியே சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டது சீலையின் நிழலில் தெரிந்தது. "அவ்வளவு தூரத்திலயா?" என்று மட்டும் சொன்னார். "அந்தப் பக்கம் நாங்க நாளைக்கும் தேடியிருக்கமாட்டம், தங்கச்சி."

அதற்குப் பிறகு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றுதான் வேலை. நடுப்பகல் லுஹர் தொழுதார்கள், பார்த்தார்கள். மர்ளியா சோற்றைத் தொடவில்லை. வெயில் சாயும் நேரத்தில் அந்தப் புள்ளி திரும்பிக் கரைப் பக்கம் வரத் தொடங்கியது. இழுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று இன்னாசிப்பிள்ளைக்குக் கோல் வந்தது. மர்ளியா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் சனம் நிறைந்தது. நிஸார் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கேதான் வந்தான். உப்புப் பூத்த முகம், யாரோ கொடுத்த போர்வை. மர்ளியாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அறைச் சீலைக்கு வெளியே வந்து நிலத்தில் உட்கார்ந்தான்.

"மதினி," என்றான். "என்ஜின் நின்டிட்டு. அலை அடிச்சிப் போனும் போயிட்டு. நானாட பெட்டி மட்டும் பட்டரியில உசிரோட இருந்திச்சு. அதில ஒரு சின்ன லைட் இருக்கு. நம்மட சத்தம் இந்த மெசினுக்குக் கேட்டா மட்டும்தான் பச்சை எரியும். ராவு முழுக்க எரியல்ல. நானாவோட அதுவும் மௌத்தாப் போச்சு என்டு நெனச்சன்."

மர்ளியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"விடிஞ்ச பிறகு பத்தலங்குண்டு மரம் தெரிஞ்சிச்சு. நீந்திப் போயிடலாம் என்டு ரிஃபாஸ் ஒத்தக்காலில நின்டான். அந்த நீரோட்டத்தில குதிச்சிருந்தா ஒருத்தரும் மிஞ்சியிருக்கமாட்டம். சேர்ட்டையும் கழட்டிட்டான். அப்பதான் பச்சை எரிஞ்சிச்சு. கொஞ்ச நேரம்தான். நின்டிட்டு. பிறகு எரிஞ்சிச்சு, பிறகும் நின்டிட்டு. ரிஃபாஸ் ஓவென்டு அழுதான். நான் அவன்ட கையப் பிடிச்சிச் சொன்னன், அடேய், மெசின் தானா இப்படிச் செய்யாது. ஆரோ ஒராள் அதுக்கு முன்னால இருந்து மல்லுக்கட்டுறாங்க. நம்மளத்தான் தேடுறாங்க. ஆரும் குதிக்கக் கூடாது. அது நிலையா எரியிற வரைக்கும் இந்த வள்ளத்தில இருப்பம் என்டு சொன்னன். இருந்தம்."

அவன் போர்வையால் முகத்தைத் துடைத்தான்.

"நானா இல்ல என்டு தெரியும். அப்ப ஆரு மதினி அந்தக் கதிரையில இருந்தது?"

அறைக்குள் நபீலா பிந்திப்போன தன் விரலையும், மறுபடி மறுபடி நிறுத்திப் போட்ட அந்தப் பட்டனையும் நினைத்தாள். அவள் தோற்ற ஒவ்வொரு தரமும் நடுக்கடலில் ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவள் சீலைக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"நான்தான் தம்பி," என்றாள். "நான்தான் இருந்தன்."